பார்த்துவிட்டுக் கட்டுங்கள்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் உள்ள சிரமம் பட்டால்தான் தெரியும் என்பது அதன் பொருள். கல்யாணத்தை இன்னொரு இதழில் பார்த்துக் கொள்வோம். இந்தத் தடவை வீட்டை எடுத்துக் கொள்கிறேன். ஏனென்றால், கட்டிப் பார்ப்பதற்கு முன்பே வீட்டைப் பார்த்துவிட இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. அது நம்மைப் போன்ற இல்லத்தரசிகளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

புது வீடு குடிபுகுந்த எந்தச் சகோதரியையாவது ஆறு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். "வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா..." என்று ஆரம்பிப்பார். கிரைண்டர் வைக்கிற இடத்தில் பிளக் பாயிண்ட் இல்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் சமையலறைக்குள் யாரும் வர முடியாது. குளியலறைக் கதவு உள்ளே திறந்து வாளியில் இடிக்கிறது. மேடை உயரம், இடுப்பு ஒடிகிறது. பரணில் இருக்கிற அண்டாவை எடுக்க ஸ்டூல் போட்டு, அதன்மேல் முக்காலி போட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் தலையெழுத்து இல்லை. எல்லாமே ப்ளானில் முன்பே இருந்தவைதான். நம்மால் அந்தப் ப்ளானைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ப்ளான் என்பது என்ன? கூரையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஆகாயத்திலிருந்து எட்டிப் பார்த்தால் வீடு எப்படித் தெரியுமோ, அந்தக் கோட்டுப்படம். நாம் யாரும் ஆகாயத்தில் குடியிருப்பதில்லையே! தரையில் நிற்கிறோம், நடக்கிறோம், குனிகிறோம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறோம். அந்த வீட்டைக் கோட்டுப்படத்தில் காண்பதற்குப் பயிற்சி வேண்டும். இன்ஜினீயருக்கு அது உண்டு. நமக்கு இல்லை. அதனால்தான், "பாருங்கம்மா, ப்ளான் சரியா இருக்கா?" என்று நீட்டும்போது, "எல்லாம் நீங்க பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விடுகிறோம்.

கோடு வேறு, கதவு வேறு

இப்போது பல கட்டடங்களை வானம் தோண்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் ஒரு தடவை முழுசாகக் கட்டிவிடுகிறார்கள். சுவர், தூண், பீம், கதவு, ஜன்னல், தண்ணீர்க் குழாய், மின்சார வயர் எல்லாம் அதனதன் நிஜ அளவில் உள்ளே இருக்கும். இதைக் கட்டடத் தகவல் மாதிரி என்று சொல்லலாம். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'பி.ஐ.எம்.' என்பார்கள். நாம் 'மாடல்' என்றே வைத்துக் கொள்வோம்.

"கலர் கலராக வீட்டின் முகப்பைப் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதுதானே?" என்று கேட்கிறீர்களா? இல்லை. அது வெறும் படம். நவராத்திரிக் கொலுவில் வைக்கிற அட்டை வீடு மாதிரி, பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

வித்தியாசத்தை இப்படிப் புரிந்து கொள்ளலாம். காகிதத்தில் கதவு என்பது ஒரு கோடும் ஒரு வளைவும். அது கதவு என்று நாம்தான் புரிந்து கொள்ள வேண்டும். மாடலில் இருக்கும் கதவுக்குத் தான் கதவு என்று 'தெரியும்'. தன் அகலம், உயரம், என்ன மரம், எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திறக்கும் என்ற விவரமெல்லாம் அதனோடு ஒட்டியே இருக்கும். சுவரை நகர்த்தினால் கதவும் சேர்ந்து நகரும். கதவை அகலமாக்கினால் அதற்குமேல் வரும் லிண்டல் நீளும், சுவரின் அளவு குறையும், கணக்குப் பட்டியலும் தானாக மாறும்.

நேற்று முளைத்த யோசனை இல்லை இது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் ஈஸ்ட்மன் 1975-லேயே இதைப் பற்றி எழுதினார். கட்டடத்துக்கு நாலைந்து விதப் படங்கள் வரைகிறோம். ஒன்றை மாற்றினால் மற்றதையெல்லாம் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. ஒன்றை மறந்தாலும் வேலையிடத்தில் குழப்பம். ஆகவே படங்களுக்குப் பதில் கம்ப்யூட்டருக்குள் கட்டடத்தையே வைத்துவிட்டால், ஒரு தடவை மாற்றினால் எல்லாப் படமும் மாறிவிடுமே என்பது அவர் வாதம். 1980-களில் ஹங்கேரி நாட்டுக்காரர்கள் 'ஆர்க்கிகேட்' என்ற புரோகிராமைக் கொண்டுவந்து, சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்ய வழி பண்ணினார்கள். 2000-ல் 'ரெவிட்' வந்தது. 'உடனே திருத்து' என்ற பொருள் வரும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கித்தான் அந்தப் பெயரையே வைத்தார்களாம்.

ஸ்பெயின் நாட்டில் பில்பாவோ என்ற ஊரில் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. ஃப்ராங்க் கெரி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1997-ல் திறந்தது. வெளிப்பக்கம் நேர்ச்சுவர் அதிகம் இல்லை. கசக்கிப்போட்ட காகிதம் மாதிரி வளைவும் நெளிவுமாக, மேலே டைட்டானியம் என்ற உலோகத் தகடு போர்த்தியிருக்கும். இதையெல்லாம் எப்படி அளந்து வெட்டிப் பொருத்துவது? ஆகாய விமானம் வடிவமைக்கிற பிரெஞ்சு புரோகிராம் ஒன்றை வாங்கி, அதற்குள்ளே கட்டடத்தை முதலில் கட்டினார்கள். ஒவ்வொரு இரும்புத் துண்டின் அளவும் அதிலிருந்தே கிடைத்தது. சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு அனுமதி கேட்பவர்கள் மாடலைத்தான் கொடுக்க வேண்டும் என்று 2015-ல் விதி வந்தது. இங்கிலாந்தில் மத்திய அரசு கட்டும் கட்டடங்களுக்கு 2016-லிருந்து மாடல் கட்டாயம்.

"அதெல்லாம் அரண்மனை சமாசாரம். ரெண்டு படுக்கையறை வீட்டுக்கு என்னத்துக்கு?" என்று தோன்றும். எனக்குத் தெரிந்தவரை, சின்ன வீட்டுக்குத்தான் இது அதிகம் உதவும். அரண்மனையில் அரை அடி குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? எட்டுக்கு ஐந்து குளியலறையில் அரை அடி என்பது பெரிய விஷயம்.

ஒரு கதவின் கதை

திருச்சிக்குப் பக்கத்தில் என் தங்கை மகள் வீடு கட்டினாள். ப்ளான் போட்டுத் தந்த இன்ஜினீயர் இருபத்தேழு வயசுப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். மாடலைத் திறந்து, வாசலிலிருந்து ஒவ்வொரு அறையாக உள்ளே 'நடத்தி'க் கூட்டிப் போனாள். தங்கை மகளின் மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி. ராத்திரி குளியலறைக்குப் போவதென்றால் மருமகள் கையைப் பிடித்துக் கொள்ள வேண்டும். அந்த அம்மாள் சோபாவின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். குளியலறை வந்ததும் மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, அந்தக் கதவு வழியா என்னையும் பிடிச்சுக்கிட்டு இன்னொரு ஆள் சேர்ந்து நுழைய முடியுமா?"

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. கதவு இரண்டரை அடி. இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாது.

"அத்தை, நீங்க சொல்லவே இல்லையே!" என்றாள் தங்கை மகள்.

"யாரும் கேக்கலையே" என்றார் அவர்.

அந்தப் பெண் கதவைத் தொட்டாள், அகலத்தில் 3 என்று தட்டினாள். கதவு அகலமாயிற்று. உடனே உள்ளே இருந்த வாஷ்பேசினில் கதவு முட்டுவது தெரிந்தது. பேசினை எதிர்ச்சுவருக்கு மாற்றிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயும் பின்னாலேயே போயிற்று. "கதவை வெளியே திறக்கிற மாதிரி வெச்சிடலாம்மா. உள்ளே யாராவது வழுக்கி விழுந்துட்டா, உள்பக்கம் திறக்கிற கதவை அவங்க உடம்பே அடைச்சுக்கும், நம்மால தள்ளித் திறக்க முடியாது" என்று விளக்கினாள். வெளியே திறந்தால் நடைவழியை மறைத்தது. கீலை மறுபக்கம் மாற்றினாள். கதவு சுவரோடு ஒட்டித் திறந்து, வழி விட்டது.

கணக்கும் மாறியது. எட்டுக்கு ஐந்து அறை, ஏழடி உயரத்துக்கு டைல்ஸ். சுற்றளவு 26 அடி. 7-ஆல் பெருக்கினால் 182 சதுர அடி. இரண்டரை அடிக் கதவு போக 164½ சதுர அடி டைல்ஸ் தேவையாக இருந்தது. மூன்றடிக் கதவானதும் 161. பட்டியலில் அந்த எண் தானாக மாறி நின்றது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம். செலவு? ஒரு பைசா இல்லை.

இதையே சுவர் எழும்பிய பிறகு செய்வதாக நினைத்துப் பாருங்கள். சுவரை உடைத்து, லிண்டலை எடுத்து, நிலையை மாற்றி, குழாயைப் பெயர்த்து... மேஸ்திரி முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும். 'இருக்கட்டும், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்றுதான் முடியும். அட்ஜஸ்ட் பண்ணுவது யார்? ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிற அந்த எழுபது வயது அம்மாள்.

மாடலுக்குள் எப்படி நடப்பது?

வரவேற்பறையின் கூரை விளக்கையும் முகப்பின் கலரையும் பார்த்து மயங்கி நின்றுவிடாதீர்கள். அவற்றைக் கடைசியிலும் மாற்றலாம். மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள். என் பட்டியல் இதோ:

1. சமையலறை: ஒரு நாள் காலைச் சமையலை மனசுக்குள் செய்யுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து காய், சிங்க்கில் கழுவல், மேடையில் நறுக்கல், அடுப்பு, பிறகு சாப்பாட்டு மேஜை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று மாடலில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்குச் சமையலறை வடிவமைத்த மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண்மணி, சமையல் வேலையின் ஒவ்வொரு அசைவுக்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, ரயில் சமையலறையையும் ஆராய்ந்து, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டரில் எல்லாம் கைக்கெட்டும் சமையலறையை அமைத்தார். கிட்டத்தட்ட 10,000 வீடுகளில் அதைக் கட்டினார்கள். அவருக்கு அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. நமக்கு இருக்கிறது, பயன்படுத்திக் கொள்வோமே!

2. மேடையின் உயரம்: 'ஸ்டாண்டர்டு சைஸ்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் தோளும் இடுப்பும் பிழைக்கும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது 32, 34 அங்குலம் வரும். மாவு பிசைய, தேய்க்க இன்னும் கொஞ்சம் தாழ்வாக ஒரு பகுதி இருந்தால் நல்லது. வீட்டில் அதிகம் சமைப்பவர் யாரோ அவருடைய அளவைக் கொடுங்கள்.

3. கேஸ் சிலிண்டர்: சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் படியும். மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, தரை மட்டத்திலும் காற்று போக வழி வேண்டும். சிலிண்டர் எங்கே நிற்கிறது, அதைச் சுற்றித் திறப்பு இருக்கிறதா என்று மாடலில் காட்டச் சொல்லுங்கள்.

4. மாடிப்படி: தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தளத்தின் உயரம் 3 மீட்டர் என்றால், 16 ஏற்றமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 18¾ சென்டிமீட்டர் வரும். விதிக்குள்தான் இருக்கிறது. ஆனால் கர்ப்பிணிக்கும் பாட்டிக்கும் மூச்சு வாங்கும். 19 ஏற்றமாகப் பிரித்தால் 15.8 சென்டிமீட்டர்தான். ஏறுவது தெரியாது. ஆனால் நீளவாக்கில் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி கூடுதல் இடம் வேண்டும். அந்த இரண்டரை அடியை எந்த அறையிலிருந்து எடுப்பது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு படியைத் தாழ்த்த முடியாது.

5. குழந்தையின் கண்: மாடலில் பார்வை உயரத்தை மாற்றலாம். இரண்டரை அடிக்கு இறக்கச் சொல்லுங்கள். தவழ்ந்து எழுந்த குழந்தைக்கு வீடு எப்படித் தெரியும் என்று பாருங்கள். பால்கனிக் கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறுக்குக் கம்பிகள் அழகுதான். குழந்தைக்கு அது ஏணி. நெடுக்குக் கம்பி போடச் சொல்லுங்கள். எட்டும் உயரத்தில் பிளக் பாயிண்ட், பால்கனிச் சுவரையொட்டித் திண்டு, இவையும் அந்த உயரத்தில்தான் கண்ணில் படும்.

6. வெயில்: எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று கொடுத்தால், வெயில் எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று மாடல் காட்டிவிடும். 'வடக்குப் பக்கம் வெயிலே படாது' என்று நாம் நம்புகிறோம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. வடசுவரிலும் அப்போது வெயில் படும். மேற்கு ஜன்னல்தான் இன்னும் மோசம். சாயங்கால வெயில் சாய்வாக வருவதால் இரண்டடி சன்ஷேடு அதைத் தடுக்காது. மே மாதம் 15-ந் தேதி, மாலை 4 மணி என்று கேட்டுப் பாருங்கள். குழந்தையைத் தூங்க வைக்கிற அறையில் வெயில் தொட்டில்மேல் விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

7. உங்கள் சாமான்கள்: இருக்கிற பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக் கொடுங்கள். அந்த அளவிலேயே உள்ளே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பீரோ கதவு திறக்குமா, கட்டிலைச் சுற்றிப் பெருக்க முடியுமா, எல்லாம் தெரிந்துபோகும்.

சுவருக்குள் நடக்கிற சண்டை

நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விஷயத்தையும் மாடல் பிடித்துவிடும். பீம் போகிற வழியிலேயே கழிவுநீர்க் குழாயும் போவதாக இருந்தால், காகிதத்தில் அது தெரியாது. பீம் ஒரு தாளில் இருக்கும், குழாய் இன்னொரு தாளில் இருக்கும். வேலை நடக்கும்போது பிளம்பர் வந்து பார்ப்பார். குழாய் போக வழி இருக்காது. உளியை எடுத்து பீமைக் குடைவார். சில சமயம் உள்ளே இருக்கும் கம்பியையே வெட்டிவிடுவதும் உண்டு. வீட்டின் எலும்பை உடைப்பதற்குச் சமம் அது. மேலே பூசி மூடிவிட்டால் வெளியே தெரியாது. பலம் போனது போனதுதான்.

மாடலில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பதால், எது எதில் முட்டுகிறது என்று கம்ப்யூட்டர் பட்டியல் போட்டுத் தரும். அங்கேயே குழாயைத் திருப்பிவிடலாம், அல்லது கான்கிரீட் போடும் முன்பே முறைப்படி வழி விட்டு வைக்கலாம். "பைப்பு எதுவும் பீமில் முட்டுதாம்மா? அந்த லிஸ்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்டதும் மரியாதை கூடுவதைப் பார்ப்பீர்கள்!

ஏமாறாமல் இருக்க

எதையும் ஒருபக்கமாகச் சொல்லக் கூடாதல்லவா? நாலு எச்சரிக்கைகள்.

முதலாவது, 'த்ரீ-டி காட்டுகிறோம்' என்று சொல்பவர்கள் எல்லோரும் மாடல் காட்டுவதில்லை. சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு ஜன்னலை ஓர் அடி அகலமாக்கச் சொல்லுங்கள். ப்ளான், முகப்புப் படம், அளவுப் பட்டியல் மூன்றும் உடனே மாறினால் அது மாடல். "அதைத் தனியா வரைஞ்சு நாளைக்கு அனுப்புறேன்" என்றால் அது படம்.

இரண்டாவது, படத்தில் அறை பெரிதாகத் தெரியும்படி பார்வைக் கோணத்தை அகலமாக வைக்க முடியும். சிறிய சோபா போட்டும் ஏமாற்றலாம். கண்ணை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். இப்போது இருக்கும் அறையில் அதே அளவைச் சாக்பீஸால் கோடு போட்டு, நடுவில் நின்று பாருங்கள். ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

மூன்றாவது, கம்ப்யூட்டர் மண்ணைத் தோண்டிப் பார்க்காது. களிமண்ணா, பாறையா, மழைத் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதையெல்லாம் மனிதர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். தூணுக்கும் பீமுக்கும் எவ்வளவு கம்பி என்பதைத் தகுதியுள்ள கட்டமைப்பு இன்ஜினீயர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். தவறான அளவைக் கொடுத்தால் அந்தத் தவறையே மாடல் அழகாகக் கட்டிக் காட்டும்.

நாலாவது, மாடலில் மாற்றியது மேஸ்திரியின் கையில் இருக்கும் தாளுக்கும் போய்ச் சேர வேண்டும். கடைசியாக மாற்றிய தேதி போட்ட தாளை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதை எல்லாம் வாங்கிக் கிழித்துவிடுங்கள். பூச்சு பூசும் முன்பு ஒவ்வொரு சுவரையும் குழாய், வயரோடு போட்டோ எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து ஆணி அடிக்கும்போது என்னை நினைத்துக் கொள்வீர்கள்.

இன்ஜினீயரிடம் இந்த வசதி இல்லையென்றாலும் கவலை வேண்டாம். 'ஸ்வீட் ஹோம் த்ரீ-டி' என்று இலவசமாகவே ஒரு புரோகிராம் கிடைக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளையோ பெண்ணோ இருந்தால் ஓரிரு நாளில் பழகிக் கொள்வார்கள். சுவர்களைப் போட்டு, சாமான்களை வைத்து, உள்ளே நடந்து பார்க்கலாம். பீம், கம்பிக் கணக்கெல்லாம் அதில் வராது. ஆனால் கதவு இடிக்குமா, மேடை சரியா என்பதற்கு அது போதும்.

கேட்க வேண்டியவர் யார்?

கடைசியாக, மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டும்போது ப்ளானைச் சுற்றி உட்கார்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பணம், பட்டா, வங்கிக்கடன் என்று அவர்கள் அலைவது உண்மைதான். குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அதிக நேரம் நிற்கப் போவது யார்? துவைப்பது, துடைப்பது, குழந்தை குளிப்பாட்டுவது, பெரியவர்களைத் தாங்கிப் பிடிப்பது யார்? அவர்களிடம் கேட்காமல் போடுகிற ப்ளான் எப்படி முழுசாக இருக்கும்?

'உனக்குப் ப்ளானெல்லாம் புரியாது' என்பதுதான் இத்தனை நாள் சொல்லிவந்த காரணம். மாடல் வந்தபிறகு அந்தக் காரணம் செல்லாது. கண்ணெதிரே வீடு நிற்கிறது. சமையலறையைப் பார்த்தால் நமக்குத் தெரியாதா, எது சரி, எது சரியில்லை என்று? ஆகவே மாடல் காட்டுகிற அன்று காப்பி போடுகிற வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு, முன்வரிசையில் உட்காருங்கள். மாமியாரையும் கூப்பிடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடமும் பாத்திரம் தேய்க்கிற இடத்தைக் காட்டிக் கேளுங்கள். எத்தனை கேள்வி கேட்டாலும் அந்த நாளில் ஒரு செங்கல்கூட வீணாகாது.

பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டீர்களா? ரொம்ப சந்தோஷம். அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாளை இதற்கும் ஒதுக்கி வையுங்கள். வீடு நன்றாக அமைய என் வாழ்த்துகள். அடுத்த இதழில், வாடகை வீட்டிலேயே ஆணி அடிக்காமல் சமையலறையைச் சீர்படுத்திக் கொள்ளும் வழிகளைப் பற்றிச் சொல்கிறேன்.